ஏழாவது சட்டை

ஜாய் மில்னுக்கு மூக்கு கூர்மை. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் செவிலியராக இருந்தவர். கணவர் லெஸ், மயக்க மருந்து டாக்டர். லெஸ்ஸுக்கு முப்பது வயது தாண்டியதும் அவர் மேல் கஸ்தூரி போல ஒரு கனத்த வாடை அடிப்பதாக ஜாய்க்குப் பட்டது. சரியாகக் குளிப்பதில்லை என்று நச்சரித்தார். சண்டை வந்ததுதான் மிச்சம். சுமார் 12 ஆண்டுகள் கழித்து, 45 வயதில், லெஸ்ஸுக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பின்னாளில் நோயாளிகள் கூடிய ஓர் அறைக்குள் ஜாய் நுழைந்தபோது, அங்கே எல்லார் மேலும் அதே வாடை.

2012இல் எடின்பரோவில் ஆய்வாளர் டிலோ குனாத் பேசிய கூட்டத்தில் ஜாய் எழுந்து இந்த வாடையைப் பற்றிக் கேட்டார். குனாத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பார்க்கின்சன் வந்தவர்களுக்கு மோப்ப சக்தி குறையும், அது தெரிந்த சங்கதி. அவர்கள் மேலேயே வாடை அடிக்குமா?

கொஞ்ச நாள் கழித்து ஜாயைத் தேடிப்பிடித்து ஒரு சோதனை வைத்தார். நோயாளிகள் ஆறு பேர், நோயில்லாதவர்கள் ஆறு பேர் அணிந்த டி-சர்ட்டுகளை முகரச் சொன்னார். ஆறு நோயாளிகளையும் ஜாய் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரின் சட்டையிலும் அந்த வாடை இருக்கிறதென்று அடித்துச் சொன்னார். ஒரு தப்பு என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த ஏழாவது ஆளுக்கும் பார்க்கின்சன் உறுதியானது.

பார்க்கின்சன் நோயில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களில் பெரும்பகுதி அழிந்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்குகிறது. டாக்டர்களோ பெரும்பாலும் நடையையும் நடுக்கத்தையும் விறைப்பையும் பார்த்தே நோயைச் சொல்கிறார்கள். நடுக்கத்துக்கு முன்பே காட்டிக்கொடுக்கும் எதுவும் பொன்னுக்குச் சமம்.

ஆனால் 'ஒரு அம்மா சட்டையை முகர்ந்து பார்த்தார்' என்று விண்ணப்பம் எழுதினால் எந்தக் குழு பணம் தரும்? மான்சஸ்டரில் வேதியியலாளர் பெர்டிடா பாரன் குழு இதைத் தொடர்ந்தபோது கைகொடுத்தவை இரண்டு அறக்கட்டளைகள். ஒன்று, பொதுமக்கள் நன்கொடையில் நடக்கும் பார்க்கின்சன்ஸ் யூ.கே. மற்றொன்று, 29 வயதிலேயே இந்த நோய்க்கு ஆளான ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000இல் தொடங்கியது. நோயுள்ள வீட்டின் அவசரம் தெரிந்தவர்கள்தான் இப்படிப் பணம் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாடை வந்தது அக்குளிலிருந்து அல்ல. மேல்முதுகில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்து. அதைத் துடைத்தெடுத்து, கருவியில் சூடாக்கிப் பிரித்தார்கள். பிரிந்து வரும் ஆவியில் ஒரு பங்கு கருவிக்கு. இன்னொரு பங்கு குழாய் வழியே ஜாயின் மூக்குக்கு. எந்த நொடியில் அந்த வாடை வருகிறதென்று ஜாய் சொல்ல, அந்த நொடியில் வெளிவந்த வேதிப்பொருள்களை ஆராய்ந்தார்கள். நோயாளிகளிடம் ஐகோசேன், ஹிப்யூரிக் அமிலம் போன்றவற்றின் அளவு மாறியிருப்பதாக 2019இல் முடிவு வெளியானது. 2022இல் பஞ்சுக் குச்சியால் முதுகைத் துடைத்தே சில நிமிடங்களில் வேறுபாடு காட்டும் முறையையும் அதே குழு வெளியிட்டது. இந்த முறை மருத்துவமனைக்கு வர இன்னும் பெரிய அளவிலான சோதனைகள் தேவை. அதற்கும் பணம் வேண்டும்.

லெஸ் 2015இல் காலமானார். அந்த முதல் முடிவு அச்சில் வர அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.