ஐஸ் ஆலைகளில் அம்மோனியா

அம்மோனியா என்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த, நிறமற்ற, காரத்தன்மை கொண்ட வளிமம் ஆகும். உரத் தொழிற்சாலைகளில் மட்டுமன்றி, பால் பதப்படுத்தும் நிலையங்கள், குளிர்பதனக் கிடங்குகள், மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஆலைகள் ஆகியவற்றிலும் இது குளிரூட்டியாகப் பயன்படுகிறது. இது சுமார் -33 பாகை செல்சியசில் கொதிக்கிறது, ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை உறிஞ்சுகிறது, விலையும் குறைவு. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் வரை தீங்கில்லை. கசிந்தால்தான் ஆபத்து.

உடலில் ஏற்படும் விளைவு

அம்மோனியா நீரில் மிக எளிதில் கரையும். எனவே ஈரமுள்ள கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றையே முதலில் தாக்குகிறது. அங்குள்ள ஈரத்தில் கரைந்து அரிக்கும் காரமாகிறது. அமிலம் பட்ட திசு உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும்; காரமோ திசுவைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டால் பார்வை பறிபோகக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். அதிக அளவில் சுவாசித்தால் தொண்டை வீங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். நீர்ம அம்மோனியா தோலில் பட்டால் உறைபனிப் புண்ணும் காரப் புண்ணும் சேர்ந்தே உண்டாகும்.

எவ்வளவு வரை தாங்கலாம்?

இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் இரண்டாம் அட்டவணைப்படி, 8 மணி நேர வேலையில் சராசரி வரம்பு 25 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) ஆக இருந்தது. 15 நிமிடக் குறுகிய கால வரம்பு 35 பி.பி.எம். ஆக இருந்தது. 300 பி.பி.எம். என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கருதப்படுகிறது.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 100 கன மீட்டர். காற்றோட்டமில்லாத அந்த அறையில் 25 பி.பி.எம். அளவை எட்ட அரைத் தேக்கரண்டி நீர்ம அம்மோனியா ஆவியானால் போதும். 300 பி.பி.எம். ஆக 30 மில்லிலிட்டர் அளவே போதுமானது.

மூக்கை நம்பலாமா?

இவ்வளிமத்தின் நெடி வரம்பை எட்டும் முன்பே பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் நாள்தோறும் அதிலேயே புழங்குபவரின் மூக்கு பழகிப்போகிறது. "லேசான வாடைதான்" என்று மூத்த தொழிலாளி சொல்வதை அளவீடாகக் கொள்ளக் கூடாது. அளக்கும் கருவி வேண்டும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஈரமான சிவப்பு லிட்மசுத் தாளைக் குழாய் இணைப்புகளின் அருகே காட்டலாம், நீலமாக மாறும். பள்ளி ஆய்வகத்தில் செய்த அதே சோதனைதான்.

விபத்து நேரும் வேளை

இயந்திரம் ஓடும்போதைவிட எண்ணெய் வடிக்கும்போதே பலர் காயமடைகின்றனர். கம்ப்ரசரின் மசகு எண்ணெய் அம்மோனியாவுடன் சென்று தாழ்வான பகுதிகளில் தேங்கும்; அதை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். குளிரில் கெட்டியான எண்ணெய் வராமல் அடைத்துக்கொள்ள, வால்வை மேலும் திறப்பார்கள். அடைப்பு திடீரென விலகியதும் அம்மோனியா முகத்தில் பீய்ச்சும். கைவிட்டால் தானே மூடிக்கொள்ளும் சுருள்வில் வால்வு, இறுக்கமான கண்ணாடி, கையுறை, உடன் ஒரு துணையாள் ஆகியவை இதற்காகவே விதிக்கப்படுகின்றன. செலவு என்று விடப்படுவதும் பெரும்பாலும் இவைதான்.

அம்மோனியா காற்றைவிட இலேசானது எனப் படித்திருப்போம். ஆனால் நீர்மமாகக் கசிந்தால் குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, பின் காற்று வரும் பக்கம் செல்ல வேண்டும். மூக்கில் ஈரத்துணி வைப்பது தப்பி வெளியேற மட்டுமே உதவும். உள்ளே போக உதவாது. புகை மீது நீரைத் தூவலாம். தேங்கிய நீர்மத்தின் மீது ஊற்றினால் இன்னும் வேகமாக ஆவியாகும்.

முதலுதவி

கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து நீர் விட்டுக் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடக் கூடாது. தோலோடு உறைந்து ஒட்டிய துணியை இழுக்காமல், நீர் ஊற்றி இளக்கிய பின்னரே அகற்ற வேண்டும். நிறைய சுவாசித்தவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனையில் கண்காணிக்கப்பட வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.