கோட்டைக்குள் ஒரு பீங்கான் உலகம்

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், ஸாலே ஆற்றங்கரை ஊரான காலாவுக்கு அருகே ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறது லாய்ஷ்டன்பர்க் கோட்டை. 1221ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதன் பெயர் இருக்கிறது. இப்போது உள்ளே இருப்பது பீங்கான் அருங்காட்சியகம். கோட்டைக்கும் பீங்கானுக்கும் என்ன உறவு?

நெருங்கிய உறவு உண்டு. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த பீங்கானின் சூட்சுமம் ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. பொன் செய்து தருவேன் என்று சொல்லி வந்த பெட்கர் என்ற இளைஞரைச் சாக்சனியை ஆண்ட மன்னர் அகஸ்டஸ் காவலில் வைத்திருந்தார். பொன் வரவில்லை. அறிஞர் ட்ஷிர்ன்ஹவுஸின் துணையோடு 1708இல் வெள்ளைப் பீங்கான் வந்தது. கயோலின் என்னும் வெண்களிமண்ணும் 1,300 டிகிரியைத் தாண்டும் சூளை வெப்பமும்தான் அதன் அடிப்படை. ரகசியம் வெளியே கசியாமலிருக்க, 1710இல் ஆலையை மைசன் நகரின் மலைக்கோட்டைக்குள்ளேயே வைத்தார் மன்னர்.

அப்படிக் காத்த ரகசியத்தையும் பூட்டிவைக்க முடியவில்லை. 1760 வாக்கில் துரிங்கியாவில் மாஹலைட் என்பவர் தம் சொந்த முயற்சியில் பீங்கான் செய்துகாட்டினார். சூளைக்கு வேண்டிய விறகைத் துரிங்கியக் காடு தந்தது. பள்ளத்தாக்கெங்கும் ஆலைகள் எழுந்தன. 1844இல் காலாவிலும் ஒன்று தொடங்கியது. அப்போது மேலே இருந்த லாய்ஷ்டன்பர்க் சிறையாகவும் ஏழைகளையும் மனநோயாளிகளையும் அடைத்துவைக்கும் இடமாகவும் இருந்தது. 1724 முதல் 1871 வரை நீண்ட அந்தக் கொடுமையும் இந்தக் கோட்டையின் வரலாறுதான். பீங்கானின் அழகில் அதை மறந்துவிடக்கூடாது.

காட்சிக்கூடங்கள் சீனாவில் தொடங்கி, ரசவாதிகளின் ஆய்வுக்கூடம் வழியாக நம் காலத்துக்கு வருகின்றன. எட்டு மீட்டர் உயரப் பூச்சாடி ஒன்று அண்ணாந்து பார்க்க வைக்கிறது. ஆனால் என் மதிப்பில் சிறந்த பகுதி மதிலுக்கு வெளியே அந்தரத்தில் நீளும் நடைபாலம். பார்வையாளர்கள் பீங்கான் தட்டில் தங்கள் வேண்டுதலை எழுதி, அங்கிருந்து கீழே வீசி உடைக்கிறார்கள். உடைந்த சில்லுகள் அதிர்ஷ்டம் தரும் என்பது ஜெர்மானியர் நம்பிக்கை. திருமணத்துக்கு முந்தைய நாள் பாத்திரங்களை உடைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து உறுதிப்பட்ட பொருள் ஒரு நொடியில் நொறுங்குவதைப் பார்த்தால்தான், அதைச் செய்த கைகளின் உழைப்பு மனதில் உறைக்கிறது.

ஜேனா நகரிலிருந்து காலாவுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தே ஏறலாம். அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். சிறைக்கால வரலாற்றையும் கேட்டறிந்துவிட்டு இறங்குங்கள்.