முன்கடைவாய்ப் பற்கள்

மட்டாஞ்சேரியின் சந்தைத் தெருக்களில் மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு ஆகியவற்றின் மணம் வீசிக்கொண்டே இருக்கும். அங்குள்ள பல வீடுகளில், பிள்ளைகளுக்குப் பல்வலி என்றவுடன் கிராம்பைத்தான் தேடுவர். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் என்னும் பொருள் வலியை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. வலி அடங்கியதும், "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று பெற்றோர் இருந்துவிடுவதுண்டு. அந்தப் பல் கடைவாயில் இருப்பதாயின், அதன் அடியில் வேறொரு பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதுவே முன்கடைவாய்ப் பல்.

பால் பற்கள் 20. அவற்றுள் முன்கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ 10 முதல் 12 வயதுக்குள் பால் கடைவாய்ப் பற்கள் எட்டும் விழுகின்றன. அவ்விடங்களில் முன்கடைவாய்ப் பற்கள் எட்டும் முளைக்கின்றன. கூரிய கோரைப் பல்லுக்கும் அகன்ற பின்கடைவாய்ப் பல்லுக்கும் இடையே, ஒவ்வொரு பக்கமும் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக இவை அமைந்துள்ளன. இருபுறத்து அண்டைப் பற்களின் இயல்பும் இவற்றுக்கு உண்டு. பெரும்பாலும் இரு மேடுகள் இருக்கும்: கன்னப் பக்க மேடு உயர்ந்து கூராகவும், நாக்குப் பக்க மேடு தாழ்ந்தும் காணப்படும். நேந்திரங்காய் வறுவலை முன்பற்கள் கடித்துத் துண்டாக்க, இம்மேடுகள் அதை நொறுக்குகின்றன. எஞ்சிய அரைப்பு வேலை பின்கடைவாய்ப் பற்களுடையது. மேல்தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள். மற்றவற்றுக்கு வழக்கமாக ஒன்றே.

பல்லின் மேற்பூச்சான பற்சிப்பி, உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலம் அதனைக் கரைத்துவிடும். கரைந்து குழியான இடம் மீண்டும் வளராது.

சொத்தையால் பால் கடைவாய்ப் பல் காலத்திற்கு முன்பே விழுந்தால் நேர்வது என்ன? ஏறத்தாழ 6 வயதில் அதன் பின்னே முளைத்த நிலைத்த கடைவாய்ப் பல், வெற்றிடம் நோக்கி மெல்ல நகரும். பின்னர் வரவேண்டிய முன்கடைவாய்ப் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். சில வேளைகளில் தாடைக்குள்ளேயே தங்கிவிடும். சொத்தை வேர் வரை சென்று சீழ் பிடித்தால், உள்ளே உருவாகும் பல்லின் பற்சிப்பியும் பழுதடையக்கூடும்.

கிராம்பைக் குறை கூறுவதற்கில்லை. பல் மருத்துவர்களும் யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அவர்கள் முதலில் சொத்தையைச் சுரண்டி அகற்றுகின்றனர். பல் முன்னரே விழுந்திருந்தால், சிறு கம்பி வளையம் பொருத்தி அவ்விடத்தைக் காக்கின்றனர். உரிய காலத்தில் அடைக்கப்பட்ட பால் பல்லோ, புதிய பல் மேலெழும்போது அடைப்போடு சேர்ந்தே விழுந்துவிடும்.