காரணம் கேட்க முடியாத கைது

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில், 1976 என்றால் ஜாகிர் ஒழிந்த ஆண்டு. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்த மலை, நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகுதான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் வரி கட்டியதும் ஊழியம் செய்ததும் ஜாகிர்தாருக்கு. மலைமேல் ஒரு பழைய அதிகாரம் முடிந்த அதே ஆண்டில், மலைக்குக் கீழே நாடு முழுவதும் இன்னோர் அதிகாரம் உச்சத்தில் இருந்தது. செய்தித்தாள்கள் தணிக்கையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், நீதிமன்றக் கதவுகள் பாதி மூடிய நிலையில்.

1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை 21 மாதம் நீடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றியும் அவசரகால விதிகளின் கீழும் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சர்வாதிகாரத்தின் கீழ் ஒரு கம்யூனிஸ்ட் அரசியல்வாதியின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால், முதலில் சொல்லவேண்டிய பெயர் ஏ.கே. கோபாலன். ஏ.கே.ஜி. என்றே அவரைக் கேரளமும் தமிழ்நாடும் அழைத்தன. தன் வாழ்நாளில் அவர் பார்த்த சிறைகளில் பல, பழைய சென்னை மாகாணத்துச் சிறைகள்.

நெருக்கடிநிலை வந்தபோது அவருக்கு வயது 70, உடல்நலம் குன்றியிருந்தது. பாலக்காட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர், மார்க்சிஸ்ட் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர். அவரும் அதே கட்சியின் தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் கைதாகி, சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்கள். 1975 ஜூலை 21 அன்று நெருக்கடிநிலைக்கு ஒப்புதல் கேட்டு மக்களவை கூடியது. ஏ.கே.ஜி. எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். அவையில் இருக்கவேண்டிய உறுப்பினர்கள் பலர் தாங்களாக வராமல் போகவில்லை, விசாரணையின்றி அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்துதான் அவர் பேச்சைத் தொடங்கினார். அவருடைய கட்சியைச் சேர்ந்த ஜோதிர்மய் பாசுவும் அப்படி அடைக்கப்பட்டவர்.

அந்தப் பேச்சு அவைக் குறிப்பில் பதிந்தது. மக்களைப் போய்ச் சேரவில்லை. நாடாளுமன்ற நடவடிக்கைகளுக்கும் தணிக்கை இருந்தது. அவையில் நடப்பதைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிடப் பாதுகாப்பு தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரோஸ் காந்தி. அவர் மனைவியும் பிரதமருமான இந்திரா காந்தியின் அரசு நெருக்கடிநிலைக் காலத்தில் அதை ரத்து செய்தது. ஓர் அரசியல்வாதிக்குச் சிறையைவிடக் கொடியது இதுதான் என்று தோன்றுகிறது. ஆள் வெளியே இருக்கிறார், பதவியும் இருக்கிறது, பேசவும் பேசுகிறார். ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்டவருக்கு அவர் என்ன பேசினார் என்பது தெரியாது.

ஏ.கே.ஜி.க்குச் சிறை புதிதில்லை. கண்ணூர் அருகே 1904இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து, உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்றவர். 1936இல் வேலையில்லாதவர்களின் பட்டினியை அரசுக்கு உணர்த்த, தொண்டர்களோடு மலபாரிலிருந்து சென்னை வரை நடந்தே வந்தார். பட்டினி ஜாதா என்று அதற்குப் பெயர். 1941இல் வேலூர்ச் சிறைச் சுவரில் துளை போட்டுத் தப்பினார். பிறகு தலைமறைவு வாழ்க்கை. 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு கொடியேற்றியபோது அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். அக்டோபரில் விடுதலையானவரை டிசம்பரில் மறுபடி பிடித்தார்கள். இம்முறை பிடித்தது சுதந்திர இந்தியாவின் அரசு.

அங்கேதான் இந்தக் கதையின் வேர் இருக்கிறது. 1950 ஜனவரியில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள், பிப்ரவரியிலேயே, தடுப்புக்காவல் சட்டம் வந்தது. குற்றம் செய்ததற்காக இல்லாமல், செய்யக்கூடும் என்ற ஐயத்துக்காக ஒருவரை அடைக்கும் சட்டம். ஏற்கெனவே சிறையில் இருந்த ஏ.கே.ஜி.யிடம் மார்ச் 1 அன்று அதன் கீழ் புதிய உத்தரவு நீட்டப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார், எம்.கே. நம்பியார் வாதாடினார். 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு அது. 1950 மே 19 அன்று வந்த தீர்ப்பில் ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர், முறையாக இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் துருவத் தேவையில்லை என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். ஒரே ஒரு பிரிவு மட்டும் செல்லாமல் போனது. எதற்காக அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கைதி நீதிமன்றத்தில்கூட வெளியிடக்கூடாது என்று சொன்ன 14ஆம் பிரிவு அது. ஏ.கே.ஜி. விடுதலை பெறவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த எல்லாத் தடுப்புக்காவல் கைதிகளுக்கும், தங்கள் காரணத்தாளை நீதிபதி முன் காட்டும் உரிமை அவரால் கிடைத்தது.

தடுப்புக்காவல் என்றால் என்ன என்று, கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 'குண்டாஸ்' என்று ஊரே சொல்லும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இதே வழியில் வந்தது. அதன் நீண்ட பெயரில் முதலில் வருபவர்களே கள்ளச்சாராயக்காரர்கள்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குக் காரணமானவர்கள் தண்டிக்கப்படவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் தண்டனை விசாரணைக்குப் பின் வருவது; தடுப்புக்காவல் விசாரணைக்கு முன்பே வந்துவிடுவது. மோசமான ஆளைப் பிடிக்கத்தானே என்று நாம் ஒப்புக்கொள்ளும் சட்டம், ஆட்சிக்குப் பிடிக்காத ஆளைப் பிடிக்கவும் அதே பூட்டைத்தான் பயன்படுத்தும்.

நெருக்கடிநிலையில் நடந்தது அதுவே. தமிழ்நாட்டில் 'மிசா' என்று பெயராகவே ஒட்டிக்கொண்ட உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம், நெருக்கடிநிலைக்கு நான்கு ஆண்டு முன்பே, 1971இல் வந்தது. 1975 ஜூனில் செய்யவேண்டியிருந்ததெல்லாம் அதன் மீதிருந்த நீதிமன்றக் கண்காணிப்பை நீக்குவது மட்டும்தான். கைதிகள் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மனுவைக் கேட்கலாம் என்றன. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று அதை மாற்றியது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் எதிர்த்து எழுதினார். ஒரு காவலர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று விசாரணையின்போது அவர் கேட்டார். நெருக்கடிநிலை இருக்கும்வரை இல்லை என்ற பொருளில்தான் அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். அடுத்த ஆண்டு கன்னாவைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்.

லாக்கப்பில் இருந்தவருக்கு அந்தப் பதிலின் அர்த்தம் உடம்பில் தெரிந்தது. கூத்துப்பறம்பு சட்டமன்ற உறுப்பினர் பினராயி விஜயன் 1975 செப்டம்பரில் கைதாகி, காவல் நிலையத்தில் கடுமையாக அடிக்கப்பட்டு, கண்ணூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் 1 அன்று பிடிக்கப்பட்டுக் கக்கயம் முகாமில் கொல்லப்பட்டார்; மகனைத் தேடி அலைந்த தந்தை ஈச்சர வாரியருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை கருணாநிதி அரசு இருந்ததால், வட இந்தியத் தலைவர்களால் சென்னையில் ஓரளவு மூச்சுவிட முடிந்தது. அரசு கலைக்கப்பட்ட உடனே சென்னை மத்தியச் சிறை நிரம்பியது. அங்கே விழுந்த அடியில் காயமுற்ற முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அந்தக் கொடுமைகளைப் பதிவு செய்தது.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ராஜன் பிடிபட்டபோது கேரள முதல்வராக இருந்தவர் சி. அச்சுத மேனன், அவரும் கம்யூனிஸ்ட். ஏ.கே.ஜி.யின் மார்க்சிஸ்ட் கட்சியைப் போலன்றி, மேனனின் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நெருக்கடிநிலையை ஆதரித்தது. இந்திராவை எதிர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயணன் இயக்கத்தில்தான் பாசிச ஆபத்து இருக்கிறது என்று வாதிட்டு, 1975 டிசம்பரில் பாட்னாவில் பாசிச எதிர்ப்பு மாநாடும் நடத்தியது. அவர்கள் காட்டிய நியாயங்களில் இருபது அம்சத் திட்டமும் ஒன்று: கொத்தடிமை முறை ஒழிப்பு, நிலச் சீர்திருத்தம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது உண்மை. கல்வராயன் ஜாகிர்கள் அதே ஆண்டில் முடிந்ததும் உண்மை. ஜாகிர்தாருக்கு ஊழியம் செய்த குடும்பத்துக்கு அது சிறிய செய்தி இல்லை. ஆனால் அதைச் செய்ய எதிர்க்கட்சிக்காரரைச் சிறையில் வைக்கவேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. கேரளம் நிலச் சீர்திருத்தத்தைச் சட்டமன்ற வாக்கெடுப்பில் செய்து காட்டியிருந்தது. பத்திரிகை தணிக்கையில் இருக்கும்போது கிடைக்கும் உரிமையை, நாளை யாராவது பறித்தால் எங்கே போய் முறையிடுவது?

அப்படியென்றால் நெருக்கடிநிலை பாசிசமா? ஐரோப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இத்தாலியில் அந்தோனியோ கிராம்ஷி 1924இல் நாடாளுமன்ற உறுப்பினரானவர். 1925 மே 16 அன்று முசோலினியை அவையில் வைத்துக்கொண்டே பேசினார். அங்கே அவர் ஆற்றிய ஒரே உரை அது. அடுத்த ஆண்டு நவம்பர் 8 அன்று, உறுப்பினருக்கான சட்டப் பாதுகாப்பு இருந்தும் கைதானார். 20 ஆண்டு 4 மாதம் 5 நாள் தண்டனை. நோயோடு போராடிக்கொண்டே குறிப்பேடுகளை நிரப்பினார். 1937 ஏப்ரலில் இறந்தார். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் எர்ன்ஸ்ட் தேல்மன் 1933 மார்ச் 3 அன்று பிடிக்கப்பட்டார். அவர்மீது கடைசிவரை வழக்கே நடத்தவில்லை. பதினோராண்டு தனிமைச் சிறைக்குப் பிறகு 1944 ஆகஸ்டில் புக்கன்வால்ட் முகாமில் சுட்டுக் கொன்றார்கள்.

முசோலினியையோ ஹிட்லரையோ தேர்தலில் இறக்க வழி இருக்கவில்லை. இந்திராவை இறக்க முடிந்தது. கட்சிகள் ஒரேயடியாக அழிக்கப்படவும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றெனச் சொல்வது கிராம்ஷிக்கும் தேல்மனுக்கும் செய்யும் அநியாயம். ஆனால் பாதை ஒன்றுபோல் இருந்தது. ஜெர்மனியிலும் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே, அரசியலமைப்பின் அவசரப் பிரிவைப் பிடித்துத்தான் உரிமைகள் முடக்கப்பட்டன. அங்கும் இங்கும் முதல் அடி சட்டத்தின் பெயராலேயே விழுந்தது. அங்கே அது திரும்பிவர முடியாத இடத்துக்குப் போனது. இங்கே 21 மாதத்தில் நின்றது. நின்றதற்கு மக்களின் வாக்கு காரணம், சட்டம் காரணமில்லை.

அந்த வாக்கும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழவில்லை. 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் தூக்கி எறிந்தது. கேரளத்தில் 20 தொகுதிகளையும் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த அணி வென்றது. ஏ.கே.ஜி.யின் கட்சிக்குச் சொந்த மண்ணில் ஓர் இடமும் இல்லை. மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 22 அன்று, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.கே.ஜி. இறந்தார். அதே மாத இறுதியில் பினராயி விஜயன் கேரளச் சட்டமன்றத்தில் தன் இரத்தக்கறை படிந்த சட்டையோடு எழுந்து, தனக்கு நேர்ந்ததைச் சொன்னார்.

பிறகு திருத்தங்கள் வந்தன. 1978இன் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நெருக்கடிநிலையிலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையைத் தொட முடியாது என்று எழுதியது. 1976 தீர்ப்பைத் தவறு என்று 2017இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. தடுப்புக்காவலையும் அதே 44ஆவது திருத்தம் இறுக்கியது: அறிவுரைக் குழுவின் கருத்து இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்தது, அந்தக் குழு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமையவேண்டும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை, அதன்பின் மத்தியில் ஆண்ட எந்தக் கட்சியின் அரசும் இன்றுவரை வெளியிடவில்லை.