சர்வதேசப் பள்ளியும் நமது பிள்ளைகளும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் "சர்வதேசப் பள்ளி" என்னும் பெயர்ப் பலகைகள் பெருகி வருகின்றன. மாறிவரும் உலகத்துக்கு மாணாக்கரைத் தயார் செய்கிறோம் என்பது அவற்றின் வாக்குறுதி. அதை எடைபோட்டுப் பார்ப்பது பொது ஜனங்களின் கடமை. ஏனெனில், மாறுதலை நினையாத கல்வி என்ன பாடுபடும் என்பதை இச்சீமை அனுபவித்தே அறிந்திருக்கிறது.

சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல் ஜில்லா, லாரிக்கும் கோழி முட்டைக்கும் பேர் பெற்றது போலவே, மார்க்கு வாங்கித் தரும் விடுதிப் பள்ளிகளுக்கும் பேர் பெற்றது. தொழிற்கல்லூரிகளுக்கான நுழைவுப் பரீக்ஷையை ராஜ்ய சர்க்கார் 2007-ல் எடுத்துவிட்ட பின், பிளஸ் டூ மார்க்கே சகலமும் ஆயிற்று. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைத்தன. 2017-ல் வைத்தியக் கல்லூரிகளுக்கு நீட் பரீக்ஷை இங்கே அமலாயிற்று. அது பிளஸ் ஒன் பாடத்திலும் கேள்வி கேட்டது. நீட் நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால், ஒரே பரீக்ஷையை நம்பிய கல்வி ஒரே வருஷத்தில் ஆட்டங்கண்டது என்பதை மறுப்பார் யார்? 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீக்ஷை வந்தது. 2025-ல் அதை நீக்க சர்க்கார் தீர்மானித்தது. பிள்ளைகளின் பாரம் குறைவது நல்லதே. பழைய நோய் திரும்பாமல் காக்க வேண்டும்.

இனி, சர்வதேசக் கல்வியின் சாரம் யாது? 1968-ல் ஜினீவாவில் தோன்றிய சர்வதேசப் பாடத்திட்டத்தை, 1901-ல் பாதிரிமாரின் குழந்தைகளுக்காக ஏற்பட்ட கொடைக்கானல் பள்ளி 1976-ல், இந்தியாவிலேயே முதலாவதாக ஏற்றுக்கொண்டது. அத்திட்டத்தில் மாணாக்கன் தானே ஒரு கேள்வியை எழுப்பி ஆராய்ந்து, 4,000 வார்த்தைகளுக்கு உட்பட்ட கட்டுரை எழுத வேண்டும். இரண்டு பாஷைகள் பயில வேண்டும். கலை, தேகாப்பியாசம், தொண்டு ஆகியவற்றிலும் ஈடுபட வேண்டும். குளிர்சாதன அறையும் குதிரைச் சவாரியும் இதில் சேரா!

இச்சாரம் நமக்குப் புதிதன்று. 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். அங்கே நூற்பும் நெசவும் நடந்தன. மதுவிலக்குக்காக "விமோசனம்" பத்திரிகை வெளிவந்தது. கைவேலையும் தொண்டும் எழுத்தும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1937-ல் வார்தா மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் மூலமும் தாய்மொழி மூலமும் கல்வி தரும் திட்டத்தை முன்வைத்தார். ஆனால் ஒரு எச்சரிக்கை: 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளையைத் தகப்பன் தொழிலோடு பிணைக்கிறது என்று எழுந்த கிளர்ச்சியால் 1954-ல் கைவிடப்பட்டது. கைவேலை அறிவைத் திறக்க வேண்டுமே அன்றி, ஜாதிக் கதவைச் சாத்தக் கூடாது.

கேள்வி கேட்கும் துணிவும், கையின் திறமையும், பிறருக்கு உழைக்கும் மனமும் பெருங்கட்டணம் செலுத்துவோரின் ஏகபோகம் ஆகலாமா? தறிக்காரர் மகளுக்கும் லாரி டிரைவர் மகனுக்கும் அவை உரியவை அல்லவா?

ஆகவே, தேச ஊழியர்கள் தத்தம் ஊர்ச் சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரைத் திரட்டிச் செல்லட்டும். மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எல்லா வகுப்புப் பாடமும் முழுமையாய் நடக்கிறதா? சோதனைச் சாலையும் வாசகசாலையும் திறந்திருக்கின்றனவா? பிள்ளை தானாக ஒரு பக்கம் எழுதக் கற்றிருக்கிறதா? பலகையில் உலகத்தின் பெயர் எழுதிய பள்ளிகளையும் இதே கேள்விகள் கேட்கட்டும். பதிலில்தான் தெரியும், உலகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எந்தப் பள்ளி என்பது.