இருட்டின் இளவரசனைத் தேடி

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் மின்கோளாறுகளுக்குப் பாலக்காட்டு வெயிலும் காரணம், இடுக்கி ஈரமும் காரணம். மருந்தோ ஒரு சின்ன பல்பில் இருக்கிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில், மூடுபனி இறங்கிய இரவில் ஹெட்லைட் இரண்டும் சட்டென்று அணைந்தால் டிரைவருக்குக் கிடைக்கும் அவகாசம் சில நொடிகள்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நாற்பது, ஐம்பது வருடப் பழைய கார்களைச் செல்லமாக வைத்திருப்பவர்கள் பெயின்ட்டுக்கும் குரோமியத்துக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் முறுக்கிக் கிடக்கும் ஒயர்களை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆபத்து குடியிருப்பதோ அங்கேதான்.

தமிழகத்துக்கும் இந்தக் கார்களுக்கும் உறவு உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தி 1962-ல் வெளிவந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டில் கை பழகியவருக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமல்ல.

இந்தக் கார்களின் மின்கருவிகள் பெரும்பாலும் லூகாஸ் தயாரிப்புகள். 'இருட்டின் இளவரசன்' என்று மேல்நாட்டு ரசிகர்கள் அந்த நிறுவனத்துக்குக் கேலிப்பெயர் சூட்டியது பிரபலம். ஆனால் கேலியில் பாதிதான் நியாயம். பல கோளாறுகள் கருவியில் இல்லை. ஒயர்கள் சேரும் மூட்டுகளில் இருக்கின்றன.

இதில் தட்பவெப்பத்தின் பங்கு பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இடைவெளி விட்டுக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தொடும். வாளையார் பக்கம் வெயிலில் நிற்கும் காரில் ஒயரின் மேலுறை இறுகி வெடிக்கிறது. இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழிகிறது. குமுளி, கம்பம்மெட்டுப் பக்கம் கதை வேறு. மாதக்கணக்கில் மழையும் ஈரமும். செம்பு பச்சை பூக்கிறது. பாடியில் எர்த் பிடித்த இடத்தில் துரு ஏறுகிறது. இரண்டுக்கும் பொது எதிரி எலி.

'எர்த்' கெட்டால் கார் விநோதமாக நடந்துகொள்ளும். இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட் சேர்ந்து சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் வேறொரு விளக்கு மங்கும். பல்புக்குப் போன மின்சாரம் பாடி வழியாகத் திரும்ப வழியில்லாமல், பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதே காரணம். பல்பை மாற்றிப் பயனில்லை. விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை விளக்கின் உலோகக் கூட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அங்கேதான். 12 வோல்ட் சேர வேண்டிய பல்புக்கு 10 வோல்ட்தான் சேர்கிறது என்றால் ஏறக்குறைய பாதி வெளிச்சம் போய்விடும். உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் விளக்கு மீண்டும் பளிச்சிடும்.

ஃப்யூஸ் அடிக்கடி போவது அடுத்த தலைவலி. சாலையோர வைத்தியம் ஒன்று உண்டு: சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவது. அதன்பின் எரிவது ஃப்யூஸ் அல்ல, கார். சரியான வழி, ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைப்பது. எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் அதன் வழியே 2 ஆம்பியருக்கு மேல் பாயாது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தால் ஷார்ட் உறுதி. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ, அந்த ஒயரில்தான் குற்றம்.

ஃப்யூஸின் எண்ணிலும் ஒரு பொடி இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்று கடையில் வாங்கும் ஃப்யூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்துப் போட்டால் ஃப்யூஸ் பிழைத்து ஒயர் கருகும். 1962-ல் வந்த எம்.ஜி.பி.யின் தொடக்கக் கார்களில் இருந்ததே இரண்டு ஃப்யூஸ்தான். ஹெட்லைட்டுக்கு ஒன்றும் கிடையாது. அதில் 100 வாட் பல்புகள் இரண்டைப் போட்டால் 16 ஆம்பியருக்கு மேல் பழைய சுவிட்ச் வழியாக ஓடும். ரிலேயும் தனி ஃப்யூஸும் இல்லாமல் அதைச் செய்வது தற்கொலைக்குச் சமம்.

இன்னொரு பொறி: எம்.ஜி.பி., ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் 1967 வரை பேட்டரியின் பாஸிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. தெரியாமல் புது ரேடியோவைப் பொருத்தினால் அது அந்தக் கணமே சாம்பல்.

லூகாஸ் செய்த பெரிய உபகாரம் நிறங்கள். பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பியதும் உயிர் பெறுவது. பச்சை, அதுவே ஃப்யூஸ் தாண்டி வந்தது. நீலம் ஹெட்லைட், சிவப்பு டெயில் லைட், கறுப்பு எர்த். கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போடும் மெக்கானிக் இந்த மொழியையே அழித்துவிடுகிறார்.

வித்தை முற்றிலும் மறைந்துவிடவில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டும் பழைய ஜீப்புகளுக்கும் இதே எர்த், இதே துரு, இதே டெஸ்ட் லாம்ப்தான். அவற்றைப் பழுது பார்க்கும் கைகளுக்குப் பழைய காரும் வசப்படும்.

2021-ல் மத்திய அரசு 50 வருடம் தாண்டிய, அசல் உருக்குலையாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. காகிதத்தில் காருக்கு ஆயுள் நீட்டித்தாயிற்று. மலையேறும்போது உயிரைக் காப்பது, துரு சுரண்டிய ஒரு போல்ட்டும் சரியான ஒரு ஃப்யூஸும்தான்.