மணல்வாரி ஊசி: எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலி

மணல்வாரி என்று நாம் சொல்லும் தட்டம்மை காற்றில் பரவும். நோயாளி எழுந்து போன அறையில்கூட 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். தென்காசி பஸ்ஸிலும் குற்றால சீசன் கூட்டத்திலும் சொல்லவா வேணும்?

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு இது வந்தால் உயிருக்கே ஆபத்து. சில நேரம் தடிப்பே தெரியாமல் நிமோனியாவில் கொண்டு விட்டுவிடும்.

இதற்கான தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 9 மாதம் முடிந்ததும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் அரசு இலவசமாகப் போடுகிறது. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும் உண்டு. ஆனால் இது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருந்தால் போடக்கூடாது. கூட்டு மருந்து சாப்பிட்டு சி.டி.4 அணு ஏறின பிறகு போடலாம். மருந்து தொடங்கும் முன் போட்ட ஊசியின் பலன் தேய்ந்து போவதும் உண்டு. மறுபடி போடணுமா என்று ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடம் கேளுங்க.

ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரகசியம் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

அம்மை கண்டால் வேப்பிலை கட்டுங்க, டாக்டரையும் உடனே பாருங்க.

அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தடுப்பூசி அட்டையோடு வருவோம். நம்ம பிள்ளைகள் எல்லாரும் ஊசி போட்டிருந்தால், போட முடியாத பிள்ளைக்கு அதுதான் வேலி.